யார் கடைசியாக உட்கார்ந்தது?

'சர்வர்' என்று நாங்கள் அந்தப் பெட்டியைக் கௌரவமாக அழைத்தோம். உண்மையில் அது செகந்தராபாத் செனாய் டிரேட் சென்டரில் உதிரி பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கட்டிய சாதாரண கம்ப்யூட்டர். ஹிமாயத் நகரில் ஒரு மாடியில் இருந்த எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் மூலையில், லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பேர், நான்கு மொழிகள். தெலுங்கு, உருது, தமிழ், இங்கிலீஷ் எல்லாவற்றுக்கும் பொதுவான அலமாரி அதுதான். பிரஷர் குக்கர் கையேட்டிலிருந்து பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் வரை நாங்கள் மொழிபெயர்த்ததெல்லாம் அதில் இருந்தன. கூடவே, 2007 முதல் நான் ஒவ்வொன்றாகச் சேர்த்துவந்த கலைச்சொல் பட்டியலும். தமிழில் எம்.ஏ. படித்தவளுக்குச் சொத்து என்று வேறு என்ன இருக்கும்?

2018ம் ஆண்டு கோடையில் அந்த அலமாரி பூட்டிக்கொள்ள ஆரம்பித்தது. மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்குத் திடீரென்று எந்த ஃபைலையும் சேமிக்க முடியாது. படிக்கலாம், எழுத முடியாது. சில நாட்களில் படிக்கவும் முடியாது. யாராவது எழுந்துபோய் சுவிட்சை அணைத்துப் போடுவார்கள். பெட்டி பத்து நிமிடம் முனகிவிட்டு மறுபடி வேலைக்கு வரும். ஆனால் அதற்குள் ஒருவருடைய அரைநாள் உழைப்பு போயிருக்கும். ஒருமுறை ஒரு கம்பெனியின் உருதுப் பிரசுரம் முழுதாகக் காணாமல் போனது. அன்றுதான் எங்கள் முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"யார் கடைசியாக உட்கார்ந்தது?"

அந்தப் பெட்டியிலேயே உட்கார்ந்து வேலை செய்தவர் ஒருவர்தான். அறுபதைத் தாண்டிய மனிதர். நாங்கள் எல்லோரும் 'உஸ்தாத்' என்றே கூப்பிடுவோம். பழைய நகரத்தில் சத்தா பஜாரில் கல்யாணப் பத்திரிகைகளுக்குக் கையால் உருது எழுதிய காத்திப். 1990களில் இன்பேஜ் என்ற சாஃப்ட்வேர் வந்து காத்திப்களின் பிழைப்பில் கை வைத்தபோது, அவர் நாற்பது வயதுக்கு மேல் கீபோர்டு கற்றுக்கொண்டார். எங்களிடம் தினக்கூலி. பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. நாற்காலி போதாததால் சர்வருக்கு எதிரிலேயே அவருக்கு இடம்.

"உஸ்தாத்தான்" என்றேன் நான். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். ஆனால் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மே 14, திங்கட்கிழமை, அவரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரம்ஜான் நோன்பு தொடங்க மூன்று நாள் இருந்தது.

அடுத்த ஒரு வாரம் பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. "பார்த்தீர்களா?" என்றார் முதலாளி. நாங்கள் பார்த்தோம். 22ம் தேதி மத்தியானம், உஸ்தாத்தின் நாற்காலி காலியாக இருக்கும்போதே, அலமாரி மறுபடி பூட்டிக்கொண்டது.

மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். எங்கள் தெலுங்கு மொழிபெயர்ப்பாளரின் உறவினர். சனிக்கிழமை, 26ம் தேதி வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இது எப்போது ஆரம்பித்தது?"

"பர்ஸோன்" என்றார் பியூன்.

ஹைதராபாத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் அருமை தெரியும். மற்ற ஊர்களில் 'பர்ஸோன்' என்றால் முந்தாநாள். இங்கே அது முந்தாநாளாக இருக்கலாம், போன மாதமாக இருக்கலாம், நிஜாம் காலமாகவும் இருக்கலாம். நாங்கள் மட்டும் என்ன உசத்தி? நானும் 'அன்னைக்கு' என்றேன். ஆறு பேரில் ஒருவருக்கும் தேதி தெரியவில்லை. ஒரு மனிதரை வேலையை விட்டு அனுப்பும் அளவுக்கு நிச்சயம் இருந்தது. தேதி இல்லை.

"மேடம், மெஷினைக் கேட்கலாம்" என்றார் இளைஞர்.

மெஷின் எப்படிச் சொல்லும் என்று அன்று மாலை வரை அவர் எனக்கு விளக்கினார். புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

லினக்ஸின் நடுநாயகம் கெர்னல். விதையின் உள்ளே இருக்கும் பருப்பு என்று பொருள். அதைச் சுற்றி நாம் பேசும் இடத்துக்கு 'ஷெல்', அதாவது ஓடு என்று பெயர். நம்முடைய கட்டளைகள் ஓட்டைத் தாண்டிப் பருப்புக்குப் போகின்றன. டிஸ்க், கீபோர்டு, நெட்வொர்க் என்று எல்லாக் கருவிகளோடும் நேரடியாகப் பேசும் உரிமை பருப்புக்குத்தான். அது தன் வேலையில் கண்டதையெல்லாம் குறிப்பாக எழுதிக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர் லாக். அந்தக் காலக் கப்பல்களில் கயிற்றில் கட்டிய மரத்துண்டைக் கடலில் வீசி வேகம் பார்த்தார்கள். அந்தக் கட்டைக்கு லாக் என்று பெயர். கண்ட வேகத்தை எழுதிவைத்த நோட்டும் லாக் ஆனது. தமிழில் நான் இதற்குப் 'பதிவு' என்று எழுதிவந்தேன். ரெக்கார்ட், ரிஜிஸ்டர், என்ட்ரி எல்லாவற்றுக்கும் அதே சொல்லைத்தான் எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இளைஞர் சொல்லக் கேட்டபோது அரசு அலுவலகங்களில் ஒவ்வொரு எழுத்தரும் வைத்திருக்கும் 'தன்பதிவேடு' நினைவுக்கு வந்தது. எந்தக் கடிதம் எப்போது வந்தது, யாருக்குப் போனது, என்ன ஆயிற்று என்று எழுதிவைக்கும் நோட்டு. இனி அதுதான் என் சொல்.

கெர்னல் இந்தக் குறிப்புகளை முதலில் மெமரியில், சில நூறு கிலோபைட் இடத்தில் எழுதுகிறது. அது வட்டமான இடம். நிரம்பியதும் பழையதை அழித்துக்கொண்டு புதியது வரும். மின்சாரம் போனால் அவ்வளவும் போகும். அதனால் வேறொரு ப்ரோகிராம் அவ்வப்போது அவற்றை எடுத்து டிஸ்க்கில் உள்ள ஃபைலுக்கு மாற்றும்.

எங்கள் பெட்டியில் நடந்தது என்னவென்றால், டிஸ்க்கில் ஏதோ தவறு என்று தெரிந்ததும், மேலும் கெடுதல் நேராமல் இருக்க லினக்ஸ் அதை 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பூட்டிய டிஸ்க்கில் தன்பதிவேட்டையும் எழுத முடியாதே! என்ன நடந்தது என்ற முக்கியமான வரிகள் மெமரியில் மட்டும் நின்றன. நாங்கள் போய் சுவிட்சை அணைத்தோம். சாட்சி அங்கேயே செத்தது. ஏறக்குறைய ஒரு மாதமாக, ஒவ்வொரு முறையும், 'சரி செய்கிறேன்' என்று எழுந்துபோனவர் ஒரு வாக்குமூலத்தை அழித்துவிட்டு வந்தார். நானும் பலமுறை போயிருக்கிறேன்.

இளைஞர் முதலில் செய்த காரியம், கெர்னலின் குறிப்புகள் நெட்வொர்க் வழியாகப் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டருக்குப் போகும்படி அமைத்தது. நோயாளியின் குறிப்பை நோயாளியின் தலையணைக்கடியில் வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். எனக்கு இன்னொன்றும் தோன்றியது. ஹைதராபாத் ஐஐஐடியும் பங்கேற்ற டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா திட்டத்தில் லட்சக்கணக்கான பழைய நூல்களை ஸ்கேன் செய்தார்கள். அந்தப் பழைய இணையதளம் இன்று இல்லை. ஆனால் அந்த நூல்களில் பலவற்றின் பிரதிகள் அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கின்றன. எழுத்து பிழைப்பது இரண்டாவது வீட்டில்.

அடுத்த காரியம், டிஸ்க் விஷயத்தில் கெர்னல் எவ்வளவு பேச வேண்டும் என்று அளவு வைப்பது. இங்கே 'ஸ்கஸி' என்ற சொல் வருகிறது. டிஸ்க்குகளோடு கம்ப்யூட்டர் பேசுவதற்காக 1986ல் தரப்படுத்தப்பட்ட ஒரு பாஷை. அந்தக் காலத்து அகலமான கேபிள்கள் மறைந்துவிட்டன. பாஷை மறையவில்லை. இன்றைக்கும் லினக்ஸில் சாதாரண சாட்டா டிஸ்க்கானாலும், யுஎஸ்பியில் செருகும் டிஸ்க்கானாலும், ஸ்கஸி என்ற இந்த வாசல் வழியாகத்தான் நடத்தப்படுகிறது. புதிய என்விஎம்ஈ டிஸ்க்குகளுக்கு மட்டும் தனிவழி.

இந்த வாசலில் மூன்று அடுக்குகள். மேலடுக்கு 'இந்தப் பக்கத்தைப் படி' என்ற கோரிக்கையை வாங்குகிறது. நடுஅடுக்கு அதை வரிசையில் நிறுத்தி அனுப்புகிறது. கீழடுக்கு கம்பியோடு பேசுகிறது. அரசு அலுவலகத்தின் பிரிவு, தபால் பிரிவு, தபால்காரர் போல. ஒவ்வொரு அடுக்கிலும் 'போனது' என்று ஒரு பதிவேடு, 'திரும்பி வந்தது' என்று ஒரு பதிவேடு. ஆக ஆறு. இவற்றோடு பிழை நிவாரணம், காலதாமதம், புதிய கருவிகளைத் தேடுதல், ப்ரோகிராம்களின் தனிக் கோரிக்கைகள் என்று நான்கு. மொத்தம் பத்து. ஒவ்வொரு பதிவேட்டுக்கும் 0 முதல் 7 வரை அளவு வைக்கலாம். 0 என்றால் மௌனம். 7 என்றால் ஓயாத பேச்சு.

இந்தப் பத்து அளவுகளையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, 'லாகிங் லெவல்' என்ற ஒரு ஃபைலில் எழுத வேண்டும். அந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கும் இல்லை என்பதுதான் வேடிக்கை. கெர்னல் தன் காதை ஒரு ஃபைல் போலக் காட்டுகிறது. அதில் எண்ணை எழுதினால், எழுதிய நொடியே கெர்னல் பேச ஆரம்பிக்கும். மெஷினை நிறுத்த வேண்டியதில்லை. எண்ணைக் கணக்கிடும் முறையும் எளிது. முதல் பெட்டிக்கு மதிப்பு 1, இரண்டாவதற்கு 8, மூன்றாவதற்கு 64, இப்படி எட்டெட்டாகப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். சின்ன வயதில் எட்டாம் வாய்ப்பாட்டுக்கு அடி வாங்கியவர்களுக்கும் புரியும்.

இளைஞருக்கு உற்சாகம். பத்துப் பெட்டியிலும் 7 போட்டார். மொத்தம் 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 823. "எல்லாவற்றையும் சொல்லட்டும் மேடம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார். இரானி ஹோட்டலில் உஸ்மானியா பிஸ்கட்டைத் தோய்த்து முடித்துத் திரும்பி வந்தபோது பெட்டி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. எலியை அசைத்தால் அம்பு நகர அரை நிமிடம்.

காரணம் கேட்டபோது அவருக்கே வெட்கம். பக்கத்து மேஜைக்குக் குறிப்புகளை அனுப்ப ஏற்பாடு செய்தவர், பழைய வழியை மூட மறந்துவிட்டார். டிஸ்க்கில் ஒரு வரி எழுதுவதும் டிஸ்க் வேலைதானே? அந்த வேலையைப் பற்றி கெர்னல் பல வரிகள் குறிப்பு எழுதியது. அந்தக் குறிப்புகள் டிஸ்க்கில் எழுதப்பட்டன. அதைப் பற்றி மேலும் குறிப்புகள். கோள் சொல்பவரைப் பற்றி ஒருவர் கோள் சொல்ல, அதைப் பற்றி மூன்றாமவர் கோள் சொல்வதுபோல. நாங்கள் தேடிய ஒரு வரி அந்த வெள்ளத்தில் இருந்திருக்கலாம். கண்டுபிடிக்க எங்களில் யாருக்கும் ஆயுள் போதாது.

எண்ணை மாற்றினார். ஐந்தாவது பெட்டி, நடுஅடுக்கின் 'திரும்பி வந்தது' பதிவேடு. அதற்கு மட்டும் 1. அதாவது எட்டை நான்குமுறை பெருக்கிய 4096. அந்தப் பதிவேட்டில் 2 என்று வைத்தால் திரும்பிவரும் ஒவ்வொரு கட்டளையையும் எழுதும். 1 என்றால் தோற்றுத் திரும்பியவற்றை மட்டும். எந்தக் கட்டளை, டிஸ்க்கின் எந்த இடம், என்ன காரணம் சொல்லித் திரும்பியது என்ற விவரத்தோடு. முதல் பெட்டியில் பிழை நிவாரணத்துக்கு ஒரு 3. மொத்தம் 4099. இம்முறை பழைய வழியையும் மூடினார். "இனி பிரச்னை வந்தால் தயவுசெய்து சுவிட்சைத் தொடாதீர்கள்" என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். தமிழில் நான் எழுதி ஒட்டினேன். உருதுவில் எழுத ஆள் இல்லை.

திங்கட்கிழமை மாலை அவர் வந்து பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஞாயிறு விடிகாலை இரண்டு மணியிலிருந்து வரிகள் இருந்தன. அந்த நேரத்தில்தான் வாராந்திர நகல் எடுக்கும் வேலை தானாக ஓடும். அலுவலகம் பூட்டியிருந்தது. சாவி முதலாளியின் வீட்டில். நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

தோற்ற கட்டளைகளின் இடங்களை இளைஞர் ஒரு தாளில் எழுதினார். டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்று. படிக்கும்போதும் தோல்வி, எழுதும்போதும் தோல்வி. டிஸ்க்கின் மேற்பரப்பு பழுதாகியிருந்தால் அதே இடத்தில்தான் திரும்பத் திரும்பத் தடுக்கும். சாலையில் குழி இருந்தால் எல்லா வண்டியும் அங்கேதான் குலுங்கும். இங்கே எங்கெங்கோ குலுங்கியது. காரணம் என்ற இடத்தில், செய்தி வழியில் சிதைந்துவிட்டது என்பதற்கான குறி இருந்தது. டிஸ்க் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகும். வந்துசேரும்போது கணக்கு ஒத்துவராவிட்டால் இந்தக் குறி. கெர்னல் மறுபடி கேட்டிருக்கிறது. ஒத்துவரவில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டிருக்கிறது. இரைச்சலான டெலிபோனில் நாம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவதுபோல. பல நேரம் அப்படியே சமாளித்துவிட்டது. முடியாத நேரங்களில்தான் எங்கள் அலமாரி பூட்டிக்கொண்டது.

"டிஸ்க் நன்றாக இருக்கிறது மேடம். கேபிள்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் இன்னொரு காரியம் செய்தார். முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த பழைய தன்பதிவேடுகளைத் திறந்தார். பூட்டிக்கொண்ட நேரத்து வரிகள்தான் அழிந்தன. சமாளித்த நேரத்து வரிகள் அழியவில்லை. இப்படிப்பட்ட சிதைவுகளை கெர்னல் யாரும் கேட்காமலே குறித்துவைக்கும். அந்தக் குறிப்புகளை ஆறு மாதம் வரை பாதுகாக்கும்படி முன்பு யாரோ புண்ணியவான் அமைத்திருந்தார். வரிகள் அங்கே வரிசையாக இருந்தன. மெஷினை மேலும் பேசச் சொல்லிக் கத்துவதற்கு முன்னால், அது ஏற்கெனவே சொன்னதை நாங்கள் படித்திருக்கவில்லை.

முதல் சிதைவு 2018 ஏப்ரல் 9, திங்கட்கிழமை, மாலை நான்கேகால். அதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

அந்தத் தேதி எனக்குத் தெரியும். மேஜை டிராயரைத் திறந்து ஒரு பில்லை எடுத்தேன். ஏர்கூலர் வாங்கிய பில். அதே தேதி. கூலர் வந்த அன்று, அதன் காற்று என் நாற்காலிக்கு நேராக வர வேண்டும் என்று அந்த மூலையை ஒதுக்கியது நான். சர்வர் பெட்டியைச் சுவரோடு சுவராகத் தள்ளி வைத்ததும் நான். பெட்டியின் ஒரு பக்கம் கூலரின் உடம்போடு ஒட்டியிருந்தது. மத்தியானங்களில் கூலர் முழு வேகத்தில் ஓடும்போது பெட்டியும் சேர்ந்து அதிர்ந்தது. உஸ்தாத் போன மறுநாள் கோடை மழை பிடித்துக்கொண்டதால் அந்த வாரம் கூலரை யாரும் போடவில்லை. 'பார்த்தீர்களா' என்று நாங்கள் பார்த்தது அதைத்தான். உள்ளே டிஸ்க்கின் கேபிள், கொக்கி இல்லாத மலிவு ரகம், முக்கால்வாசி கழன்று நின்றிருந்தது. ஞாயிறு விடிகாலையில் கூலர் ஓடாமலே பிழை வந்ததற்கும் அதுதான் காரணம். அத்தனை ஃபைலும் ஒரே மூச்சில் அந்தத் தளர்ந்த முனை வழியாகப் போயின.

கேபிளின் விலை நூறு ரூபாய்க்குள். மாற்றிய பிறகு அந்த டிஸ்க் இரண்டு ஆண்டுகள் ஒரு தொந்தரவும் தரவில்லை.

இதைப் படித்து, மெஷினின் குறிப்பு இருந்தால் போதும், எல்லா உண்மையும் தெரிந்துவிடும் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 2007ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டிஸ்க்குகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துக்கொள்ள ஸ்மார்ட் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் பழுதான டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்ப அளவைத் தவிர, சாவதற்கு முன் எந்த அறிகுறியையும் குறித்திருக்கவில்லை. வெயிலால்தான் டிஸ்க் கெடுகிறது என்று ஹைதராபாத் மே மாதத்தில் எல்லோரும் சொல்வோம். வெப்பத்துக்கும் பழுதுக்கும் நாம் நினைத்த அளவு தொடர்பு இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. எங்கள் பெட்டியின் குறிப்பிலும் கூலர் என்ற சொல் இல்லை. 'வழியில் சிதைந்தது' என்பதோடு அது நின்றுவிட்டது. பெட்டியை யார் நகர்த்தினார் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

முதலாளியிடம் அன்றே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உஸ்தாத்துக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் நானே சத்தா பஜார் போனேன். நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சந்தெங்கும் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் தொங்கின. ஒரு சிறிய கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். "ஆவோ பேட்டி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் சொல்லவந்ததை எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் சொன்னேன். கேபிள், கூலர், ஏப்ரல் 9, ஞாயிறு விடிகாலை எல்லாம் சொன்னேன். முதலாளி கேட்டபோது அவர் பெயரைச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கேட்டுவிட்டு, "அன்றைக்கு நான்தானே உட்கார்ந்திருந்தேன். பொய் இல்லையே" என்றார்.

முதலாளி மறுபடி வரச் சொன்னதாகச் சொன்னேன். "நக்கோ" என்று தலையை ஆட்டினார். இங்கே பக்கத்துக்குக் கூலி குறைவுதான், ஆனால் வீட்டுக்குப் பக்கம் என்றார். வேறு காரணம் இருந்திருக்கலாம். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கு வர வேண்டிய பாக்கியையும், வேலையில்லாமல் இருந்த நாட்களின் கூலியையும் முதலாளி கவரில் போட்டுக் கொடுத்திருந்தார். எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். கிளம்பும்போது, காணாமல் போன உருதுப் பிரசுரத்தின் பிரதி ஒன்று தன்னிடம் பென்டிரைவில் இருப்பதாகச் சொல்லி அதைக் கையில் கொடுத்தார். எங்களில் யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

அந்த அலுவலகம் இப்போது இல்லை. பெட்டியும் இல்லை. என் கலைச்சொல் பட்டியல் இன்று மூன்று இடங்களில் இருக்கிறது, ஒன்று வேறு ஊரில். ஆனால் 2018 ஜூனில் அந்தப் பெட்டியின் தலையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். பெட்டியை நகர்த்துபவர், தூசி தட்டுபவர், அணைத்துப் போடுபவர் எல்லோரும் தேதி, நேரம், பெயர் எழுத வேண்டும் என்று விதி. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எழுதினார்கள். அந்த நோட்டு மட்டும் இன்றும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தின் முதல் வரி என் கையெழுத்து: '9-4-2018, மாலை 4 மணி. கூலர் வைக்கப் பெட்டி நகர்த்தப்பட்டது. நகர்த்தியவர் நான்.'